அப்பாவுக்குப் போட்டுக் காட்டிய படம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வீட்டில் நான் போனை எடுத்தாலே அப்பா அடுத்த அறையில் இருந்தபடி இரண்டு காதையும் இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார், அதனால் கிளினிக்கில் என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டரம்மா ஒருவருடைய கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், அந்த மிஷின் சத்தத்தில் எழுத்து கோணினால் என்னைக் குறை சொல்லாதே. உன் அத்தை போன வாரம் பல் செட்டுக்கு அளவு கொடுக்க இங்கே வந்தாள். வாயைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் மூடினாள், மூடச் சொன்னபோதெல்லாம் பேசினாள். அவளை அழைத்து வந்த பாவத்துக்கு டாக்டரம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மரவேலை கற்றுக்கொள்ளப் போகிறேன், அப்பாவிடம் சொல்ல பயமாக இருக்கிறது, இந்தப் படத்தைப் பார்த்தால் அவர் மனசு இளகும், அப்புறம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல் அம்மா என்று என் தலையில் கட்டினாயே, அந்தக் காரியம் நடந்த அழகைக் கேள். பட்டறைக்காரர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார், அப்பா சரி என்று சொல்லாமல் போகமாட்டேன் என்று வேறு சொல்லியிருந்தாய். அதனால் நான் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி முதல் நாளே தனியாக அந்தப் படத்தைப் பார்த்து, ஒரு பாட்டம் அழுது, எந்தக் காட்சியில் என்ன சொல்வது என்றெல்லாம் தயார் பண்ணிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, டீயும் கையில் கொடுத்து அவரை சோபாவில் உட்கார வைத்தேன். உன் அப்பாவோடு படம் பார்ப்பது எப்படி என்று நீ மறந்திருக்க மாட்டாய். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கம் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்து மிதித்தே அந்தக் கால் பழகிப்போய்விட்டது. யாராவது தப்புப் பண்ணப் போகிறார்கள் என்று தோன்றினால் போதும், வீட்டுக்குள்ளும் கால் தானாகத் தரையை மிதிக்கும். படத்தில் வருகிற பெண் கோர்ட் வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போடப் போகிறாள், டம். அவளுடைய அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைச் சாத்துகிறார், டம். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகு கட்டக் கற்றுக்கொள்ளத் துறைமுகத்துக்குக் கிளம்புகிறாள், டம் டம். கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, சுவரில் ஆணி அடிக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு படத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை, காற்றும் அலையும்தான். இவர் டிவியில் சத்தம் போய்விட்டது என்று ரிமோட்டை அமுக்கிக்கொண்டே போனார், திடீரென்று ஒரு கடல் பறவை கத்தியதில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விருது வாங்கின படம், இதில் மௌனம்தான் பேசும் என்று நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். "கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் மௌனமாத்தான் பேசிட்டிருக்கேன், எனக்கு எவனும் விருது குடுக்கலையே" என்றார். நான் விடவில்லை. அந்தப் பெண் முதல் பலகையை இழைத்து முடித்துச் சிரிக்கிற இடத்தில், பாருங்க, மனசுக்குப் பிடிச்ச வேலை செஞ்சா மூஞ்சி எப்படி இருக்கு என்று எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, ஆள் விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். "கண்ணுக்குக் கண்ணாடி போடாம இழைக்கிறா பாரு, சிராய் தெறிச்சா என்ன ஆறது, சொல்லிக்குடுக்கிறவனுக்கு அறிவு வேண்டாம்?" என்றார்.

கடைசியில் அந்த அப்பா தனியாகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார், ஒரு முச்சந்தி வருகிறது, அதோடு படம் முடிந்துவிடுகிறது. மகளிடம் போனாரா, திரும்பிவிட்டாரா என்று பார்க்கிறவர்கள்தான் யோசிக்கவேண்டும் என்று நீ சொன்னாய் அல்லவா. நான் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போயிருப்பாரா என்ன என்று மெதுவாக அவர் வாயைக் கிண்டினேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு, இண்டிகேட்டர் போட்டான் இல்ல? துறைமுகம் அந்தப் பக்கம்தானே" என்றார். இரண்டு நாளும் அழுதுகொண்டே பார்த்ததில் எனக்கு அது கண்ணில் படவே இல்லை. சரி, இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே திரும்பி, "உம்பொண்ணு என்ன சொல்லச் சொன்னா?" என்றார். ஒன்றுமில்லையே, படம் நன்றாக இருக்கிறது என்றாள், போட்டேன் என்று அசடு வழிந்தேன். "நீ படத்தையா பாத்த, என் மூஞ்சியத்தானே பாத்துட்டிருந்த" என்றார். கையும் களவுமாக அகப்பட்டுக்கொண்டேன் கண்ணு. அப்புறமும் நான் உன் ரகசியத்தைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அவ வேலைய விடப்போறாளா, எங்க போறான்னு நீ சொல்லாத, அவ வாயாலதான் நான் கேக்கணும் என்று சொல்லிவிட்டார்.

கத்துவார் என்று பார்த்தேன், கத்தவே இல்லை. காலி டம்ளரைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார். பிறகு, "ஸ்டீயரிங்கத் தொட்டே பாக்காதவங்க பக்கத்துல தினமும் நம்பி உக்கார்றேன், எம்பொண்ணு பக்கத்துல உக்கார மாட்டேனா?" என்று கேட்டார். அவர் கேட்டது உன்னைத்தான், ஆனால் எதிரில் இருந்தது நான். எனக்கு அழுகையும் வந்தது, உன்மேல் கோபமும் வந்தது, உனக்குத் துணை போன என்மேலும் வந்தது. நீ வேலையை விடுவது அவருக்குப் பிடிக்குமா என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. குடைந்து குடைந்து கேள்வி கேட்பார், ஆபீஸில் பேனா பிடித்த கை உளியைப் பிடிக்குமா என்பார், அதற்கெல்லாம் நீ பதில் வைத்துக்கொள். ஆனால் தன்னிடம் வருவதற்கு மகள் ஒரு சினிமாவை முன்னால் அனுப்பவேண்டியிருக்கிறதே என்பதுதான் அவருக்குச் சுட்டிருக்கிறது, அது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பு நடக்கும்போது யாராவது போனைத் தொட்டால் அங்கேயே வண்டியை விட்டு இறக்கிவிடுகிற மனிதர், திங்கட்கிழமையிலிருந்து தன் போனைக் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுக்கிறாராம். நேற்று பல் சுத்தம் பண்ண இங்கே வந்த பெண் சொன்னாள், அவரிடம்தான் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள். சாருக்கு என்னாச்சு, வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று என்னிடமே கேட்கிறாள்.

உள்ளே பல்லைப் பிடுங்கியாயிற்று போலிருக்கிறது, கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். எந்த வேலையில் கை வைத்தாலும் அது உனக்கு நன்றாக வரட்டும், நோய் நொடி இல்லாமல் மனசு நிறைந்து இரு, என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மரவேலைக்குப் போனால் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் இழைப்புளியைத் தொடாதே, தலைமுடியையும் இறுக்கிக் கட்டிக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் கூப்பிடு. எனக்கு வேண்டாம், அப்பாவுக்கே கூப்பிடு. மணி அடித்ததுமே எடுத்துவிடுவார், எடுத்துவிட்டு, வகுப்பு நடக்குது, அப்புறம் பேசறேன் என்பார். நம்பாதே, வைத்துவிடாமல் பேசு.

இப்படிக்கு,
உன் கட்சியிலும் அவர் கட்சியிலும் இருக்கும்
அம்மா