பிள்ளைகளுக்குக் கஞ்சி

பாச்சாங், மலாக்கா
17-8-1952

என் அன்புள்ள அவருக்கு, சந்திராதேவி எழுதுவது.

நலம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. உங்களைத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் விட்டது போலீஸ் இல்லை, என் வாய். இன்றோடு பத்து நாள்.

அன்று எஸ்டேட் கேட்டில் உங்கள் சைக்கிள் பையிலிருந்த கஞ்சியையும் கருவாட்டுத் தூளையும் பிடித்தது எனக்குத் தெரியாது. எஸ்டேட் ஆராய்ச்சி லாப்பில் வளர்க்கிற கடல் கிருமிகளுக்குச் சாப்பாடு என்று உள்ளதைத்தான் சொன்னீர்களாம். காட்டில் ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போகக் கூடாதென்று சட்டம் போட்டவர்கள் அதை நம்புவார்களா? நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்க்கிற மணியம், இந்தக் கஞ்சி யாருக்கும்மா, சொல்லுங்க லா என்று கேட்டார். நான் அடுப்படியில் நின்றபடியே, எங்கட பிள்ளையளுக்குத்தான் தம்பி என்றேன்.

நீங்கள் போத்தல்களைப் பிள்ளைகள் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அதே பழக்கம். இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தொட்டில் இல்லை, கொடியில் ஒரு சின்னச் சட்டை இல்லை. எத்தனை பிள்ளைகள் என்றார். எண்ணேலாது, செர்காம் கடலாலை வந்ததுகள், நாளுக்கு நாள் பெருகுதுகள் என்று பெருமையாகச் சொன்னேனே! ஐயோ, மணியம் ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னார். பிறகு உங்கள் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்கள். கஞ்சியைப் பாதியாக்கினேன், பிள்ளைகள் இரட்டிப்பு வேலை செய்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். காட்டுக்காரர்களுக்குத்தான் சோறு போடுகிறோம் என்று முடிவுகட்ட வேறு சாட்சி எதற்கு?

லாப் போத்தல்கள் எல்லாவற்றிலும் கிருமிநாசினி ஊற்றிவிட்டார்கள். எட்டு மாத உழைப்பு! மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். நம் அடுப்படி அலமாரியிலிருந்த மூன்று மட்டும் மிஞ்சின. சர்க்கார் இரசாயன அதிகாரி வியாழக்கிழமை வருவார், ரப்பர் பாலில் உள்ள புரதத்தைத் தின்னும் அந்த என்சைமை ஒரு போத்தலாவது சுரந்து காட்டினால்தான் உங்களை விடுவார்கள் என்று உங்கள் துரை சொல்லியனுப்பினார்.

இரக்கப்பட்டு என் பங்குக் கஞ்சியையும் இரண்டு போத்தலுக்கு ஊற்றினேன். மூன்றாம் நாளே புளித்து நாறிப் போயின. உங்கள் நோட்டை அவர்கள் வாசிக்கக் கேட்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள். கடைசிப் போத்தலுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. லாரி ஓட்டுகிற சேகரன் கொண்டுவந்து தந்த கடல் தண்ணீரும், மீன் கழுவின தண்ணீரும்தான். நீங்கள் செய்கிறதுபோல் காற்றுப் படவென்று பகல் முழுக்கக் குலுக்கினேன். அதுதான் பிழைத்தது.

அதிகாரி வந்து, ஃபிலிமின் மேல்பூச்சும் புரதம்தான், என்சைம் அதைத் தின்கிறதா பார்ப்போம் என்று ஒரு ஃபிலிம் துண்டு கேட்டார். உங்களுடையதையெல்லாம் போலீஸ் எடுத்துப் போய்விட்டது. வீட்டிலிருந்தது நம் கலியாணப் படத்தின் நெகட்டிவ் ஒன்றுதான். கொடுத்தேன். போத்தல் தண்ணீரை ஓரத்தில் விடச் சொன்னேன். அவர் கை தவறித் துளி உங்கள் முகத்தில் விழுந்தது. ஒரு மணி நேரம். கழுவித் தூக்கிப் பிடித்தார். என் பக்கத்தில் யாருமே இல்லை! கண்ணாடி போல வெறுமை. நான் அலறிவிட்டேன். அவரோ உங்கள் பெயரைச் சொல்லி, கனகரட்ணம் கெட்டிக்காரன் என்று துள்ளாத குறை.

விடுதலைக்கு இன்னும் ஒரு தாள் வேண்டுமென்று நேற்று இன்ஸ்பெக்டர் மணியத்தோடு வந்தார். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று என் கைப்பட எழுதித் தரவேண்டுமாம். ஏழு வருடமாக உங்கள் அம்மா ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டும் நான் பதில் எழுதாத கேள்வி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று எழுதினேன். எழுத்து கோணிவிட்டது. மணியம் இரண்டாவது தாள் கொடுத்தார். அதிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நல்லூர்க் கந்தன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அந்தத் தாள் உங்கள் கண்ணில் பட்டால் மனதில் எடுக்காதீர்கள். அது போலீசுக்கு எழுதினது. இங்கே ஒரு கையால் போத்தலைக் குலுக்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கெதியாய் வாருங்கள், தனியாக வளர்க்க என்னால் ஏலாது.

உங்கள்
சந்திராதேவி