அறுபது ஆகும்வரை

கோடாலித் தைல வாசனை இன்று காலை வாசல் திரைக்கு அப்பாலிருந்து வந்தது. ஒரு கணம் நீங்கள்தான் என்று எழுந்துவிட்டேன். பாருங்கள் என் புத்தியை! நம் வீட்டைப் பார்க்க வந்த இரத்தோட்டைக்காரர் ஒருவர் இருமிக்கொண்டு நின்றார். நீங்கள் இறந்தபின் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன் வராத இத்தாவில் நான் இருப்பதால் மேனேஜர் தம்பி அவரை வெளியே நிறுத்திவிட்டு, அவருடைய மனைவியை மட்டும் உள்ளே அனுப்பினார்.

இத்தா முடியும்வரைதான் எனக்கு இங்கே இடம். இந்த முதியோர் குடியிருப்பில் அறுபது வயதானவர்களுக்கே வீடு. நீங்கள் இருந்தவரை நான் உங்கள் மனைவி. இப்போது வெறும் ஐம்பத்து மூன்று வயதுக்காரி. மாப்பிள்ளைக்கு வயது கூட என்று நம் கலியாணத்தில் குறை சொன்னார்கள். இப்போது என் வயது போதாதாம்.

குடிவந்த அன்று மேனேஜர் என் வயதைக் கேட்டபோது, "என்னோட ஈக்கிறதால சீக்கிரம் கிழவியாகிருவா" என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். புது வீடு புகும் நாளில் மவுத்தை, சாவைப் பேசினால் முஸீபத்து வந்துவிடும் என்று, உங்களுக்குப் பிறகு நான் எங்கே போவேன் என்பதை யாருமே கேட்கவில்லை. பல்லேபொல வீட்டை விற்றுத்தான் இங்கே பணம் கட்டினோம். பிள்ளைகுட்டி இல்லாதவள் யார் வாசலில் போய் நிற்பேன்? சில நேரம் உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

வந்தவளுக்கும் என் வயதுதான் இருக்கும். அடுப்படியைப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். நான் ஏன் போகிறேன் என்று விசாரித்தாள். சொன்னதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வெளியே போய் மேனேஜரிடம் பேசியது எனக்குக் கேட்டது.

"இவருக்குப் பொறகும் நான் இங்கயே இருக்கலாம்னு எழுதித் தாங்க. இல்லாட்டி எங்களுக்கு வேணாம்."

கமிட்டியில் பேசி எழுதித் தரலாம் என்றார் அவர். எனக்கு மாறாத சட்டம் அவளுக்கு மட்டும் மாறுமா? அவளுக்கு எழுதிக் கொடுத்தால் போவது என் வீடுதானே!

தம்புள்ளையில் மரக்கறி வாங்கும்போது லொறிக்காரர்களோடு நீங்கள் பேசுவீர்கள், நான் பின்னால் நிற்பேன். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பீர்கள். திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"தம்பி, அவங்களுக்கு எழுத முந்தி எனக்கு எழுதுங்க. எனக்கு அறுபது ஆகும்வரைக்கும் நான் எங்க போய் ஈக்கிற?"

 என் விஷயத்தையும் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. என்ன சொல்வார்களோ. உங்கள் பின்னால் நின்று நான் கேட்ட உங்கள் குரல் இன்று என் வாயிலிருந்து வந்தது. நடுக்கம் மட்டும் என்னுடையது.