சுடலைமுத்துவின் பெயரில் ஓர் ஒப்புதல்

செவ்வாய்க் கோள், வடபனித் தளம். நாள் 212, 07:10
சுடலைமுத்துவைக் கொன்றவர் தயாபரன். சென்னை அலுவலகத்தில், ஏசி அறையில், ஒரே சொடுக்கில்.

எழுதுவது ஃபிலோமினா. தளத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆள். வெப்பம் சரி. மின்சாரம் சரி. காற்று குறைகிறது. வெளியே போய்வரும் வாசலான காற்றறையின் வெளிவால்வு முழுதாக மூடுவதில்லை.

நாள் 212, 09:40
நடந்தது இது. காற்றறை நிரம்பும்வரை வால்வு காத்திருக்க வேண்டும். பிறகுதான் தலைக்கவசத்தைக் கழற்றலாம் என்று பச்சை விளக்கு எரிய வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று அந்தக் காத்திருப்பைத் தயாபரன் வெட்டினார். எங்கள் மென்பொருளில் ஒரு விதி உண்டு: மாற்றத்தை எழுதியவரே ஒப்புதல் தரக்கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். அவர் சுடலையின் கணக்கில் நுழைந்து தனக்குத்தானே ஒப்புதல் போட்டுக்கொண்டார். அப்போது சுடலை வெளியே, சூரியத் தகடுகளில் உறைபனி சுரண்டிக்கொண்டிருந்தான். கிளம்பும்போது ரேடியோவில் சொன்னது:

“ஏ புள்ள, நான் வாரதுக்குள்ள இருக்க காத்தயெல்லாம் குடிச்சுத் தீத்துராத.”

திரும்பி வந்தான். பச்சை விளக்கு எரிந்தது. தலைக்கவசத்தைக் கழற்றினான். அறையில் காற்று இல்லை. வால்வு பாதியில் நின்றது, அப்போதிலிருந்து கசிகிறது.

நாள் 212, 14:05
அந்த மென்பொருள், எங்களை இங்கே அனுப்பிய நிறுவனத்தின் சொத்து அல்ல. ஊருக்கொருவராக உட்கார்ந்து சும்மா எழுதிக் கொடுத்தோம். கூட்டுமேசை என்று பெயர் வைத்தோம். எங்கிருந்தும் இணையத்தில் ஒரே பக்கத்தைத் திறந்து சேர்ந்து வேலை செய்யலாம். மீனவர் சங்கம் இதில்தான் ஏலம் பேசியது. அரசு ஆஸ்பத்திரி இதில்தான் ரத்தம் தேடியது. யாரும் படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை எல்லோருக்கும் காட்ட வேண்டும். நிறுவனம் எடுத்தது, எங்கள் பெயர்களை அழித்தது, கதவைச் சாத்தியது. திறந்திருந்தால் இந்த வெட்டை எவனாவது டீ குடித்துக்கொண்டே பிடித்திருப்பான்.

பழைய காத்திருப்பைத் திரும்ப எழுதிவிட்டேன். அது ஓடினால் வால்வு மூடும். இன்னொருவர் ஒப்புதல் வேண்டும். சென்னைக்கு அனுப்பியிருக்கிறேன்.

நாள் 213, 06:30
தயாபரன் பதில்:

“ஏம்மா ஃபிலோ, சுடலைதானே ஒப்புதல் குடுத்திருக்கான்? அவன் கவனக்குறைவுன்னு ஒரு வரி ரிப்போர்ட் போடு. அடுத்த நிமிஷம் உன்னுத ஓகே பண்றேன். உனக்குக் காத்து வேணுமா, வேணாமா?”

நான் அனுப்பியது: “ரெண்டு கையிலயும் கையுறையோட வெளிய நின்னான் சார். எதால ஒப்புதல் போட்டான், மூக்காலயா?”

நாள் 213, 08:15
பெயர்களை அழித்தார்கள். எழுதியதைப் படிக்கவில்லை.

கூட்டுமேசையில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்டுத் தடை வைக்கலாம். உரியவர் பதில் எழுதாமல் தடை நீங்காது. அந்தப் பகுதியை எழுதியவள் நான்.

தயாபரனுக்கு ஒரு கேள்வி எழுதி, நிறுவனத்தின் எல்லா வேலையும் ஓடும் அடிக்கோப்பின் மேல் தடை வைத்தேன். சம்பளம், ராக்கெட், இயக்குநர் குழுவின் வாக்கெடுப்பு, எல்லாம் நின்றன. மற்ற தளங்களில் வால்வைக் கையால் மூடக் கைத்திருகு இருக்கிறது; ஒருவரும் சாகமாட்டார்கள், பார்த்துவிட்டேன். இங்கே அது வீண் செலவு என்று வெட்டியவரும் தயாபரன்தான்.

என் திருத்தமும் தடையில் மாட்டியிருக்கிறது. தெரிந்தேதான் வைத்தேன்.

நாள் 213, 15:50
“ஃபிலோ, போர்டு என் கழுத்துல கத்தி வச்சிருக்கு. எடுத்துரும்மா. என்ன வேணும் உனக்கு? ப்ரமோஷனா? ஊர்ல வீடா?”

“உங்க பேரு சார். ஒரே வரி. எழுதுனா உங்க ஆபீசும் தொறக்கும், என் வால்வும் மூடும்.”

தலை கனக்கிறது.

நாள் 213
நேரம் தெரியவில்லை. எண்கள் இரண்டிரண்டாக. சென்னையில் வாசல் காவலர் வருகை போடும் திரையிலும் இப்போது என் கேள்விதான். சிரிப்பு வருகிறது. சிரித்தால் காற்று போகும்.

சுடலை, நான் குடித்துத் தீர்க்கவில்லை. அவர்

நாள் 240, 07:10. தானியங்கிப் பதிவு
ஆள் அசைவு இல்லை. காற்று இல்லை. தடை நீடிக்கிறது.

கேள்வி மீண்டும் அனுப்பப்பட்டது: “சுடலைமுத்துவின் பெயரில் ஒப்புதல் போட்டது யார்? உங்கள் பெயரை எழுதுங்கள்.”

பெறுநர்: தயாபரன். படித்துவிட்டார்.

பதில்: