சிவப்புக் கோடு விழுந்த பக்கம்

அன்பு அக்கா,

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன்.

போன வாரம் என் கையில் தையல் போட அம்மா ஒரு நாள் லீவு எடுத்தாள். அதற்குத் தலைமையாசிரியர் ஹிலாரியோன் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். சபினோ சார் சிச்சாச் சோளக் கள் குடித்துவிட்டு வராத நாளுக்குக் கோடே இல்லை.

"பிள்ளையப் பாக்கணும்னா வீட்லயே இருங்க டீச்சரம்மா," என்றார் எல்லார் முன்னாலும். அம்மா சிரித்தாள். வீட்டுக்கு வந்துதான், "இன்னும் பதினோரு மாசம்டி. பென்ஷன் வரட்டும், அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்," என்றாள். முன்பெல்லாம் பாடிக்கொண்டே பள்ளிக்குப் போனவள்.

இன்று பதிவேட்டில் அந்தச் சிவப்புக் கோட்டுப் பக்கத்தை யாருக்கும் தெரியாமல் கிழித்து வந்துவிட்டேன். ராத்திரி சூப் குடிக்கும்போது அம்மா சொல்கிறாள், தலைநகர் லா பாஸ் ஆபீசில் ஒவ்வொரு மாதக் கையெழுத்தையும் பார்த்துத்தான் பென்ஷன் தருவார்களாம். கிழித்த பக்கத்தில் அவளுடைய ஒரு மாதக் கையெழுத்து முழுவதும் இருக்கிறது.

எரிக்கவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. காலையில் தலைமையாசிரியரிடமே கொடுத்துவிடுவேன். என்னை மன்னிக்கச் சொல்லி அம்மா அவர் முன்னால் மறுபடியும் சிரிப்பாள். அப்போது நான் எங்கே பார்ப்பது, அக்கா?

உன் தங்கை