மூன்று மாதத்திற்குப் பின்

1935 மார்ச் 4

வைத்திக்குப்பத்து மீனவப் பிள்ளைகளுக்குப் பால்மாவு கொடுப்பதைப் பிரெஞ்சு சர்க்கார் செய்திப்படமாகப் பிடித்தார்கள். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று இவருடைய ஆபீஸ் துரை கூப்பிட்டார். என் கைப்பிள்ளை சூசையையும் தூக்கிக்கொண்டு போனேன். பிள்ளைகளுக்கெல்லாம், சூசைக்கும்கூட, ஒரே மாதிரி வெள்ளைக் குல்லாய். மீன் விற்கும் அஞ்சலாட்சியின் சின்னப்பாப்பாவுக்கு நான்தான் மடியில் வைத்து நாடா கட்டினேன். எலும்பும் தோலுமாக இருந்தது.

அஞ்சலாட்சி சூசையின் தொடையைக் கிள்ளி, "இன்னாம்மா போட்டு வளக்கிறீங்க, பூசணிக்கா கணக்கா?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் மிளகாய் சுற்றிப் போட்டேன். காலேஜில் படித்தவள்!

மார்ச் 9

ஆளுக்கு ஒரு டப்பாதானாம். மற்றதெல்லாம் படம் முடிந்ததும் வண்டி ஏறிவிட்டது.

ஏப்ரல் 11

வெட்டி ஒட்டிய படத்தைக் காட்டினார்கள். பேசாப்படம். முதலில் சின்னப்பாப்பா. பிறகு பிரெஞ்சில் எழுத்து: 'மூன்று மாதத்திற்குப் பின்'. பிறகு — என் சூசை! அதே குல்லாய். ஒரே பிள்ளையாம், தேறிவிட்டதாம்! எடுத்தே நாற்பது நாள் ஆகவில்லையே!

கடைசியில், டப்பாவை ஏன் திருப்பி எடுக்கிறீர்கள் என்று பெண்கள் கத்தியதையும் பிடித்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டியவன் அதைப் படத்தின் முன்னால் ஒட்டி, 'தாய்மார்கள் முதலில் மறுத்தார்கள்' என்று போட்டிருக்கிறான். கேட்டால், "எல்லாம் அங்கே எடுத்ததுதானே, மதாம்?" பாவி! சூசை எம்புள்ளடா. உன் கத்தரிக்கோலுக்கா பெத்தேன்?

சனிக்கிழமை குப்பத்து ஜனங்களுக்கே காட்டுவார்களாம். எழுத்துகளை நான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டுமாம்.

ஏப்ரல் 12

"படிச்சிட்டு வந்துடேன் ஞானம், என் உத்தியோகம் அவங்க கையில" என்கிறார் இவர். சூசைக்கு உடம்பு சுடுகிறது. வேலை போனால் இவனுக்கு என்ன செய்வேன்? பயம், பயம். அந்தக் குல்லாயைக் கட்டியதும் இந்தக் கைதானே?

ஏப்ரல் 13

அந்த எழுத்து வந்தது. "இது வேற புள்ள. எம்புள்ள. ரெண்டும் ஒரே நாள் எடுத்தது" என்றேன். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலாட்சி எழுந்தாள்: "அப்ப எம்புள்ளைக்குப் பாலு எங்கய்யா?"

துரை விளக்கைப் போடச் சொன்னார்.

ஏப்ரல் 15

இவர் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

ஜூன் 4

இவரைக் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி கட்டுகிறேன். அங்கேயும் படம் போட்டாயிற்றாம். வேறு யாரோ எழுத்தைப் படித்தார்களாம். சூசையைக் கண்டு கைதட்டினார்களாம்.

அஞ்சலாட்சி வழியனுப்ப வந்தாள். சின்னப்பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்தேன். இன்றோடு சரியாக மூன்று மாதம்.

அன்றைக்கு இருந்த அதே கனம்.