இவாகியின் சுட்டுவிரல்

மார்ச் 4, 1985. சகுராய்.
இன்று பதினொரு பேஸ்பால் கையுறை புரட்டினேன். உள்பக்கம் வெளியே தெரியத் தைத்ததைச் சூடான இரும்பு விரல்களில் மாட்டி இழுத்துத் திருப்ப வேண்டும். தோல் எங்கே இணங்கும், எங்கே கிழியும் என்று என் கைக்குத் தெரியும். வெட்டுவதும் தைப்பதும் என் கணவர் தெய்ஜி. புரட்டுவதில் மட்டும் மனுஷன் என்னோடு போட்டிக்கு வருவதில்லை.

மார்ச் 9
இவாகி வந்தான். ஒசாகாவில் ஓர் ஆலையின் பேஸ்பால் அணியில் கேட்சர். மட்டையடிப்பவன் பின்னால் உட்கார்ந்து நாளுக்கு இருநூறு பந்து பிடிக்கிறவன். மூன்று வாரம் முன்பு நாங்கள் செய்து கொடுத்த கையுறையை மேசைமேல் வைத்தான்.
"பந்து நிக்க மாட்டேங்குது அக்கா. உள்மெத்தை சரியில்லையோ?"
"இன்னொரு அடுக்கு வெச்சுத் தரேம்ப்பா," என்றார் தெய்ஜி.
மே மாதம் பெரிய அணிக்கு ஆள் எடுக்க வருகிறார்களாம். அவனுக்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் இல்லை.

மார்ச் 10
அவன் கையுறையைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

மார்ச் 16
கையுறையை வாங்க இவாகி வந்தான். அதை மாட்டும் கையைப் பிடித்துப் பார்த்தேன். நான்கு விரல் சுடுகிறது, சுட்டுவிரல் மட்டும் வெளுத்துக் கல் மாதிரி சில்லென்று.
"எத்தனை நாளா இப்படி?"
"குளிர்தான் அக்கா."
"மத்த நாலுக்கும் குளிரலையா? டாக்டர்கிட்ட காட்டு."
"நீங்க கிளவுஸ் தைங்க. என் கையை நான் பாத்துக்கறேன்."
போய்விட்டான். தெய்ஜி, "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? அவன் போனா டீம் ஆர்டரே போயிடும்," என்றார்.
என் வேலையில் குற்றம் என்றால் ஒத்துக்கொள்வேன். இது அதுவல்ல.

மார்ச் 17
சரியாகத்தான் சொன்னேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஏப்ரல் 2
இவாகியின் அணி இந்த வருடம் கையுறைகளை வேறு இடத்தில் வாங்குகிறதாம். தெய்ஜி என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 6
ரயிலேறி அவர்கள் மைதானத்துக்கே போனேன். இவாகி ஒவ்வொரு பந்துக்கும் கையை உதறுகிறான். வேறு யாரோ தைத்த கையுறை. அதிலிருந்தும் பந்து தெறிக்கிறது.
இடைவேளையில் பக்கத்தில் போய் நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தானியங்கிப் பெட்டியில் வாங்கிய தேநீர் டப்பாவை நீட்டினேன், எனக்கே கை பொறுக்காத சூடு.
"அந்த விரலால மட்டும் தொடு. சூடா இருக்கா, சில்லுனு இருக்கா?"
தொட்டான். எடுக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே—
"தெரியல அக்கா."
அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஏப்ரல் 20
இவாகியின் மனைவி தொலைபேசியில் பேசினாள். பந்து பட்டுப் பட்டு விரலடியில் ரத்தக்குழாய் அடைப்பு, அறுவை சிகிச்சை முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டியிருக்குமாம். இனி கேட்சராக உட்காரவே கூடாது.
"என்மேல கோவமா இருக்கானா?"
"சுவத்தைப் பாத்துக்கிட்டே படுத்திருக்கார், அக்கா."
பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த தெய்ஜி எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினார்.

மே 11
ஆள் எடுக்க வந்து போய்விட்டார்களாம். நான் செய்ததற்கு வருந்தவில்லை. அவனுக்காக வருத்தம், அது வேறு.

செப்டம்பர் 14
இவாகி வந்தான். உள்ளங்கையில் நீளமாகத் தழும்பு. பந்து எப்போதாவதுதான் வரும் தூரத்து எல்லையில், அவுட்ஃபீல்டில் நிற்க டாக்டர் சம்மதித்திருக்கிறார்.
"ஓடக் கால் இருக்கு, எறியத் தோள் இருக்கு. கிளவுஸ்தான் இல்ல," என்றான். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.
காகிதத்தில் கையை வைக்கச் சொல்லிச் சுற்றிப் பென்சிலால் வரைந்தேன். சுட்டுவிரலைச் சுற்றும்போது கையை வெடுக்கென்று இழுத்தான்.
"கூசுது அக்கா."
கோடு கோணிவிட்டது. வேறு காகிதம் எடுத்தேன்.