மூத்தாரின் பெயர்

மே 11, ஞாயிறு

0–1. தோற்றோம். எங்கள் மலையூர் நாரினில் காலையிலிருந்தே காற்று.

பதினாலு வயதுப் பெண்களுக்கான கால்பந்து இறுதி ஆட்டம்; எங்கள் அணிக்கு நான்தான் பயிற்சியாளர். ஜெயிக்கிற அணி தலைநகர் பிஷ்கெக் போகும். அங்கே விளையாட்டு விடுதிப் பள்ளிக்கு ஆள் எடுப்பார்கள். கடைசி நிமிடம் எங்கள் பெரிஸாத் அடித்த பந்து கம்பத்துக்கு உள்பக்கமாகத்தான் போனது. கோலில் வலை கிடையாது. பந்து நேரே பின்னால் வாய்க்காலில் விழுந்தது. நடுவர் வெளியே என்று கை காட்டினார்.

நடுவர் என் மூத்தார். கணவரின் அண்ணன்.

வேறென்ன எழுத. சட்டைகளை ஊறவைத்தேன்.

மே 12, திங்கள்

பயிற்சிக்கு எல்லோரும் வந்தார்கள். பெரிஸாத் கேட்டாள்: "அக்கா, உள்ள போச்சா, போகலையா? நீங்க பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

அப்புறம்... ஓடச் சொன்னேன். இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது தாண்டுகிறது. விடுதிப் பள்ளி இல்லையென்றால் அப்பாவோடு மலையில் ஆடு மேய்க்க வேண்டியதுதான்.

மே 13, செவ்வாய்

மூத்தார் வீட்டுக்கு வந்தார். தேநீர் ஊற்றினேன். அவரே ஆரம்பித்தார்: "உன் பக்கம் கொடுத்திருந்தா, தம்பி பொண்டாட்டிக்குக் கொடுத்துட்டான்னு ஊரே பேசியிருக்கும்மா. வலை வேற இல்ல. சந்தேகம்னு விட்டுட்டேன்."

சந்தேகமா? பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு சந்தேகமா? ரொட்டி எடுத்துக்குங்க என்றுதான் வாயில் வந்தது.

மே 14, புதன்

புகார் மனு எழுதினேன். நடுவர் பெயர் என்ற இடத்தில் 'என் கணவரின் மூத்த சகோதரர்' என்று போட்டேன்.

மருமகளாக வந்து பன்னிரண்டு வருஷம். கணவர் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை மருமகள் சொல்லக் கூடாது, நானும் சொன்னதில்லை. எங்கள் மொழியில் அவர் பெயரின் முதல் பாதி, வியாழனுக்கு அடுத்து வரும் கிழமையின் பெயர். அதனால் அந்தக் கிழமையைக்கூட 'வியாழனுக்கு மறுநாள்' என்றுதான் சொல்வேன், எழுதுவேன். பேனாவுக்கும் அதே பழக்கம்.

மே 15, வியாழன்

விளையாட்டுக் கமிட்டிச் செயலாளர் மனுவைப் படித்துவிட்டுச் சிரித்தார். "பேர் இல்லாத ஆளு மேல எப்படிம்மா விசாரணை வைக்கிறது? நாளைக்குக் கூட்டத்துல பேரைச் சொல்லி வாசி. முடியலைன்னா கிழிச்சுப் போட்டுட்டுப் போ."

கணவர் டிவியைப் பார்த்தபடியே "உன் இஷ்டம்" என்றார். அத்தைதான், "பேரைச் சொல்லிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இந்த வாசல மிதிப்ப?" என்றார்.

கோபம் வரணும். வரல. மரத்துப் போச்சு.

மே 16, வியாழனுக்கு மறுநாள்

எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் அவர், மடியில் தொப்பி. வாசித்தேன். பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பெரிஸாத், சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டு நின்றாள், குளிர் தாங்காமல்.

"நடுவர் ஜுமாதில் அசிலோவ்," என்றேன்.

யாரோ "அடக் கடவுளே" என்றார்கள். அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. பிறகு எழுந்தார்.

"பந்து உள்ளதான் போச்சு. பார்த்தேன். பேச்சு வருமேன்னு பயந்துட்டேன்."

மறு ஆட்டம். வேறு நடுவர். வலை கட்டவேண்டும். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், இல்லையா?

மே 18, ஞாயிறு

அத்தை இன்றும் பேசவில்லை.

மே 23, வெள்ளி

0–3. மூன்றும் சரியான கோல். மூன்று தடவையும் பந்து வலையில் போய்த் தொங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். மூத்தார் வேலியோரம் நின்றிருந்தார்.

பெரிஸாத் அழவில்லை. பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, இன்னைக்கு நாம நிஜமாவே தோத்துட்டோம்ல?"

"ஆமாடி. நிஜமாவே."

"சரி."

சட்டையை மடித்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் மலைக்குப் போகிறார்களாம். பந்து ஒன்று எடுத்துக்கட்டுமா என்றாள். புதியதாகப் பார்த்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு என்று சரியாகத் தெரியவில்லை.

மேலே தேதிக்குப் பக்கத்தில் வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். இப்போதுதான் கவனித்தேன். அடித்துத் திருத்தவில்லை.